வெள்ளவத்தை–கல்கிசை: மறைந்துபோன ஒரு தொகுதி

பத்தாம் ஆண்டு வகுப்பில் 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்ற கருத்துப்பட கொல்வின் ஆர். டி சில்வா பாராளுமன்றத்தில் எச்சரித்தார் என்று சொன்னதும் ஒரு மாணவன், "அவர் எந்த ஊர் எம்.பி. சேர்?" என்று கேட்டான். அவன் கேட்டு முடிக்கவில்லை, பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி, "அப்ப நம்மட ஆக்கள் என்ன சேர் சொன்னாங்க?" என்றாள்.

முதலாவது கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியாது. இரண்டாவதற்குத் தெரியும். ஆனாலும் மணி அடிக்கும் வரை வேறு கதை பேசிச் சமாளித்துவிட்டேன். இக்கட்டுரை அந்த இரு கேள்விகளாலும் வந்தது.

கொல்வின் அன்று வெள்ளவத்தை–கல்கிசைத் தொகுதியின் உறுப்பினர். இன்று அப்பெயரில் ஒரு தொகுதி இல்லை. 1947, 1952, 1956 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களோடு அதன் ஆயுள் முடிந்துவிட்டது. அதன் வட பாதியான வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபைக்குள் இருந்தது. தெஹிவளைக் கால்வாயைத் தாண்டினால் தெஹிவளை, கல்கிசை என்று வேறு நகராட்சி. மாநகரமும் புறநகரும் ஒட்டிப்போட்ட தொகுதி அது. காலி வீதியும் கடலோரப் புகையிரதப் பாதையும்தான் அதன் முதுகெலும்பு. சிங்கள நடுத்தர வர்க்கத்தினர், பறங்கியர், தெஹிவளைப் பள்ளிவாசலைச் சுற்றி முஸ்லிம்கள், "சின்ன யாழ்ப்பாணம்" என்று பின்னாளில் பேரெடுத்த வெள்ளவத்தையில் தமிழ் அரசாங்க உத்தியோகத்தர்கள் என எல்லோரும் கலந்து வாழ்ந்த நிலம்.

இவர்களோடு இன்னொரு கூட்டத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளவத்தை நூல் நெசவு ஆலையின் தொழிலாளர்கள். அவர்களில் பெருந்தொகையினர் மலையாளிகள். 1932 இல் இங்கிலாந்திலிருந்து படித்துத் திரும்பிய இளம் இடதுசாரிகள் அங்கு ஒரு தொழிற்சங்கம் அமைத்தார்கள். அதன் தலைவர் சட்டத்தரணி கொல்வின். 1933 இல் ஆலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. அதுவரை கொழும்புத் தொழிலாளரின் ஏகத் தலைவராக இருந்த ஏ. ஈ. குணசிங்ஹ வேலைநிறுத்தக்காரர் பக்கம் நிற்கவில்லை. வேலைநிறுத்தத்தை முறியடிக்கவே அவர் துணைபோனார். பின்னர் மலையாளிகளுக்கு எதிரான பிரசாரத்திலும் இறங்கினார். இனம் பார்க்காத தொழிற்சங்கம் ஒருபுறம், இனத்தைக் காட்டி வேலை கேட்கும் தொழிற்சங்கம் மறுபுறம் என இரண்டும் முட்டிக்கொண்ட இடம் வெள்ளவத்தை. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தபோது அதன் முதல் தலைவரானவரும் கொல்வின்தான். அக்கட்சியின் கதையை ஆலை வாசலில் இருந்து தொடங்குவதே முறை என்பது என் எண்ணம்.

யுத்த காலத்தில் கொல்வின் சிறைவைக்கப்பட்டார். 1942 ஏப்ரலில் கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து தோழர்களுடன் தப்பி இந்தியா சென்றார். அவர் திரும்பி வந்து 1947 தேர்தலில் நின்று வென்ற தொகுதி வெள்ளவத்தை–கல்கிசை. கொழும்பு மத்தி போல மூன்று உறுப்பினரைத் தெரிவுசெய்யும் பல அங்கத்தவர் தொகுதியல்ல இது. ஒரே ஆசனம். சிறுபான்மையினர் தமக்கென ஒருவரைத் தனியே அனுப்ப முடியாது. நிற்பவர் எல்லோரிடமும் போய்த்தான் ஆகவேண்டும்.

அடுத்து வந்தது 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அதைத் தொடர்ந்து 1949 இல் வாக்குரிமைத் திருத்தம். மலைநாட்டுத் தோட்டங்களில் அதனால் விளைந்த கேடு நமக்குத் தெரியும். இந்திய வம்சாவளித் தொழிலாளர் நிறைந்த ஆலைப் புறங்களையும் அது தொட்டது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. 1952 இல் கொல்வின் தோற்றார். அதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. டீ. எஸ். சேனாநாயக்க மரணித்த அனுதாபம் அந்தத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்குப் பெரிதும் கைகொடுத்தது.

அடுத்த நான்கு ஆண்டுகளில் நாட்டின் பேச்சு மொழியைப் பற்றியதாக மாறிவிட்டது. 1955 இல் சமசமாஜக் கட்சி சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்துக் கோரி கொழும்பு நகர மண்டபத்தில் நடத்திய கூட்டம் காடையரால் தாக்கப்பட்டது. அந்த ஆண்டில் சுதந்திரக் கட்சியும், 1956 பெப்ரவரியில் களனியில் கூடி ஐக்கிய தேசியக் கட்சியும் சிங்களம் மட்டும் என்ற கொள்கைக்குப் போய்விட்டன. 1956 ஏப்ரலில் பண்டாரநாயக்கவின் மக்கள் ஐக்கிய முன்னணி 51 ஆசனங்களைப் பெற்றது. அதனுடன் போட்டி தவிர்ப்பு உடன்பாடு செய்திருந்த சமசமாஜக் கட்சிக்கு 14. கொல்வின் வெள்ளவத்தை–கல்கிசையை மீட்டுக்கொண்டார்.

ஜூன் 5 ஆம் திகதி மசோதா சபைக்கு வந்தது. வெளியே காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினர் அடித்து நொறுக்கப்பட்டார்கள். சபைக்குள் நாள்கணக்கில் விவாதம். கொல்வின் பேசியபோது, நாம் மொழியைப் பற்றிப் பேசவில்லை, இங்கே ஒரு நாடா இரு நாடா என்பதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்ற பொருள்படக் கேட்டார். ஒரு சிறு தேசம் இரத்தம் சிந்தும் இரு துண்டுகளாகும் என்றார். 56 க்கு 29 என்று மசோதா நிறைவேறியது.

தமிழ் வாக்காளர் நிறைந்த தொகுதிக்காரர் வேறு எப்படிப் பேசுவார் என்று கேட்பவர்கள் உண்டு. தொகுதிக் கணக்கு அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அதே கட்சியின் என். எம். பெரேரா சிங்களக் கிராமங்கள் நிறைந்த ருவன்வெல்லவின் உறுப்பினர். அவரும் எதிராகவே வாக்களித்தார். ஆகவே கணக்கு மாத்திரம் பேசவில்லை.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். அதே விவாதத்தில் மர்ஹூம் சேர் ராசிக் பரீத் சிங்களம் மட்டும் மசோதாவை ஆதரித்துப் பேசினார். தமிழ்த் தலைமைகள் முஸ்லிம்களுக்குச் செய்தவற்றைக் கடுமையாகச் சாடினார். அவர் சொன்னதில் உண்மை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. 1885 இல் சட்டநிரூபண சபையில் நம்மை மதம் மாறிய தமிழர் என்ற பொன்னம்பலம் இராமநாதனின் வாதம், அதையே விரித்து 1888 இல் அவர் வாசித்த கட்டுரை, 1915 கலவரத்தின் பின் அவர் யாருக்காக வாதாடினார் என்பது, இவையெல்லாம் நம் மூத்தவர்களின் நெஞ்சில் முள்ளாக இருந்தன. தென்னிலங்கையில் சிங்களவர் நடுவே சிதறிக் கடை வைத்திருந்த மக்களின் பயமும் அவருக்குத் தெரியும். பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரியை நிறுவிய மனிதரை, கல்வியில் அக்கறை இல்லாதவர் என்று பழிக்க நான் துணியமாட்டேன்.

ஆனாலும் நம் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் படித்ததும் படிப்பதும் தமிழில். நம்முடைய கதைகளும் கவிதைகளும் பிறந்தது தமிழில். அந்த மொழிக்காக வெள்ளவத்தையின் ஒரு சிங்கள மார்க்சியவாதி எழுந்து நின்றபோது, நம் சமூகத்தின் பெருந்தலைவர் மறுபக்கம் நின்றார். கிழக்கிலிருந்து எம். எஸ். காரியப்பரும் எம். எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சிச் சார்பில் தெரிவாகித்தான் அந்தச் சபைக்குப் போயிருந்தார்கள். பின்னர் அவர்களும் அக்கட்சியில் நிலைக்கவில்லை. தமிழரசுக் கட்சியின் மீது அதற்கான பழியை எவ்வளவு போட்டாலும், மீதி நம்மிடமும் இருக்கிறது.

1958 மே மாதக் கலவரம் வெள்ளவத்தையையும் விட்டுவைக்கவில்லை. தமிழர்கள் றோயல் கல்லூரி அகதி முகாமிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் போனார்கள். அடுத்த ஆண்டு தொகுதி நிர்ணய ஆணைக்குழு நாட்டைப் புதிதாக வெட்டியது. தெரிவுசெய்யப்படும் ஆசனங்கள் 95 இலிருந்து 145 ஆயின. வெள்ளவத்தை கொழும்பு தெற்கோடு போனது. தெஹிவளை–கல்கிசை தனித் தொகுதியாயிற்று. 1970 இல் கொழும்பு தெற்குக்கு ஜே. ஆர். ஜயவர்தனவும் பேர்ணாட் சொய்சாவும், தெஹிவளைக்கு விவியன் குணவர்தனவும் உறுப்பினர்கள். கொல்வினோ அகலவத்தையில்.

அதற்குள் சமசமாஜிகளும் மாறிவிட்டிருந்தார்கள். 1966 ஜனவரியில் டட்லி சேனாநாயக்கவின் தமிழ்மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிராகச் சுதந்திரக் கட்சியுடன் சேர்ந்து அவர்களும் வீதிக்கு வந்தார்கள். டட்லியின் வயிற்றில் மசால வடை என்று கோஷம் கேட்ட ஊர்வலக் காலம் அது. 1972 மே 22 இல் குடியரசு யாப்பு வந்தது. அதை ஆக்கிய அமைச்சர் கொல்வின். சிங்களம் மட்டும் சாதாரண சட்டமாக இருந்த நிலை போய், அரசியலமைப்பிலேயே ஏறிக்கொண்டது. சிறுபான்மையினருக்கென சோல்பரி யாப்பில் இருந்த 29 ஆம் பிரிவுப் பாதுகாப்பு கழன்றது. 1956 இல் அப்படிப் பேசியவர் 1972 இல் இப்படி எழுதினாரே என்பதற்குத் தொகுதி மாறியது காரணமா, கூட்டணி காரணமா? நான் கூட்டணியையே சொல்வேன். ஆனால் காலி வீதியில் தமிழ் வாக்காளர் வீட்டுக் கதவைத் தட்டவேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமற் போனதும் பொய்யல்ல.

1983 ஜூலையில் வெள்ளவத்தை மீண்டும் எரிந்தது. 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1989 பெப்ரவரி 15 இல் முதன்முறையாக விகிதாசார முறையில் பொதுத்தேர்தல் நடந்தது. ஊருக்கொரு உறுப்பினர் என்ற முறை அத்தோடு போயிற்று. பன்னிரண்டு நாட்களின் பின், பெப்ரவரி 27 இல் கொல்வின் காலமானார். அவர் சங்கம் அமைத்த ஆலையின் காணியில் இப்போது ஹெவ்லொக் சிற்றி மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன.

மறுவாரம் வகுப்பில் இரண்டு கேள்விக்கும் விடை சொன்னேன். "இதையும் எழுதுறதா சேர்?" என்று அந்த மாணவி கேட்டாள். எழுதச் சொன்னேன்.