ஓர் அடிக்கு இரண்டு நூல்

எங்கள் வீட்டு பீரோவின் மேல் ஒரு வெள்ளை விமானம் உட்கார்ந்திருக்கிறது. இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 26 அங்குலம். சக்கரம் கிடையாது. அடிவயிறு முழுக்கப் படகு. கரண்ட் கணக்கெடுக்க வருகிறவர், சீட்டுப் பணம் வாங்க வரும் அக்கா என்று யார் வந்தாலும் முதலில் கேட்பது, "இது போட்டா, ஏரோப்ளேனா?" ரெண்டும்தான் என்பேன். அடுத்து, "ஜெயமங்கலத்துல இது எதுக்கு?" அதற்குத்தான் பதில் கொஞ்சம் நீளம்.

என் தாய்மாமா செங்குன்றத்தில் ஒரு அரிசி ஆலையில் வேலை பார்த்தார். பள்ளிக்கூட லீவில் அங்கே போயிருந்தபோது ஏரிக்கரையில் நிறுத்தி, "யுத்த காலத்துல இந்தத் தண்ணியில ஏரோப்ளேன் வந்து இறங்குச்சுடா மாப்ளே" என்றார். நான் சிரித்துவிட்டேன். வைகை அணைக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். 71 அடி தேக்குகிற அந்த நீரில் நான் பார்த்தது மீன்பிடிப் பரிசலும் கொக்கும் மட்டும்தான். ஏரோப்ளேன் இறங்க வேண்டுமென்றால் எங்கள் டேமிலல்லவா இறங்கியிருக்க வேண்டும்?

மாமா சொன்னது நிஜம். 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் தெற்கே கொக்கல ஏரியிலிருந்து கிளம்பிய, கேட்டலினா என்ற ரகப் பறக்கும் படகு ஒன்று, இந்தியப் பெருங்கடலில் ஜப்பானியக் கப்பல்படையைக் கண்டுபிடித்தது. அதை ஓட்டியவர் கனடாக்காரர், பெயர் லியோனார்ட் பிர்ச்சால். இலங்கைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சுட்டு வீழ்த்தப்படுவதற்குள் ரேடியோவில் செய்தி போய்விட்டது. அவரும் மிஞ்சியவர்களும் கைதானார்கள். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. அதற்கும் மறுநாள் காக்கிநாடாவிலும் விசாகப்பட்டினத்திலும். மதராஸே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. அந்த ஆண்டின் நடுவில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆம் அணி தன் கேட்டலினாக்களோடு செங்குன்றம் ஏரிக்கு வந்து சேர்ந்தது. சென்னைக்குக் குடிநீர் தருகிற அதே புழல் ஏரிதான். 1944 மார்ச்சில் 628 என்று இன்னொரு அணியும் அங்கேயே உருவானது. ரகசிய வேலைக்கான விமானங்களைப் பிரித்தெடுத்து அமைத்த அணி அது.

இவையெல்லாம் தெரியவரும்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, மாமாவும் இல்லை. சிரித்ததற்கு ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது. படம் வாங்கி மாட்டியிருக்கலாம். ஆனால் நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். எதையும் கழற்றி மாட்டினால்தான் எனக்குப் புரியும்.

கேட்டலினாவுக்கு ஒட்டுகிற மாடல் பெட்டிகள் வெளிநாட்டில் கிடைக்கின்றன. வாங்கி ஒட்டுவது என்றால் அது வேறு யாரோ செய்த விமானம். நான் வரைபடத்தை எடுத்துக்கொண்டு எங்கள் ஆசாரி அண்ணனிடம் போனேன். 48இல் ஒரு பங்கு அளவு என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "அண்ணே, நிஜத்துல ஓர் அடின்னா நமக்குக் கால் அங்குலம்." உடனே தலையாட்டினார். "ஓர் அடிக்கு ரெண்டு நூல்னு சொல்லு தம்பி." அங்குலத்துக்கு எட்டு நூல், தச்சுப் பட்டறையில் அதுதான் கணக்கு. 104 அடி இறக்கை 26 அங்குலமானது. 63 அடி 10 அங்குல நீளம், பதினாறு அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவானது. ஐசக் லாடன் அமெரிக்காவில் வடிவமைத்த விமானம் எங்கள் பட்டறையின் உளிக்குப் பழகிவிட்டது.

இறக்கையை மரத்திலேயே இழைத்துவிடலாம். உடல்தான் சிக்கல். உள்ளே கூடாக, தோல் மெல்லியதாக, படகுபோல் வளைந்து இருக்க வேண்டும். ஒருநாள் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரையைப் பிதுக்கிக் கொடுத்தபோது அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். சமமான பிளாஸ்டிக் தாளில் வரிசையாகக் குமிழ்கள். இதை யார் எப்படிக் குடைந்தார்கள்? யாரும் குடையவில்லை. சூட்டில் இளக்கி அச்சில் காற்றால் படிய வைத்தது. அச்சுக்குக் கீழே காற்றை எடுத்துவிட்டால், இளகிய தாள் தானாக அச்சைக் கட்டிக்கொள்ளும். கடையில் கேக் வைத்துக் கொடுக்கிற தட்டும் இப்படிப் பிறந்ததுதான். 1960களில் மேட்டல் கம்பெனி இதையே குழந்தைகள் விளையாட்டுச் சாமானாக அமெரிக்காவில் விற்றிருக்கிறது. கேட்டலினாவின் இடுப்பில் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும் கண்ணாடிக்கும், இந்த மாத்திரைக் குமிழுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்: ப்ளிஸ்டர். கொப்புளம்.

காற்றை எடுப்பது எனக்குப் புதிதில்லை. கிணற்று மோட்டார் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று ஊரே சொல்லும். "சக்சன் இல்லப்பா" என்றுதான் மோட்டாரைக் கொண்டுவருவார்கள். உண்மையில் பம்ப் குழாய்க்குள் இருக்கும் காற்றைக் குறைக்கிறது, அவ்வளவே. கிணற்று நீரின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் வெளிக்காற்றுதான் அதை மேலே தள்ளுகிறது. கணக்கில் 34 அடி வரைக்கும் தள்ளும், நடப்பில் 25 அடியோடு சரி. அதனால்தான் நீர்மட்டம் இறங்க இறங்க அந்தக் காலத்தில் மோட்டாரைக் கிணற்றுக்குள்ளேயே திட்டு கட்டி இறக்கினார்கள்.

ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்பி வாங்காத ஒரு வாக்குவம் க்ளீனர் கடை மூலையில் நாலு வருஷமாகக் கிடந்தது. பிளைவுட்டில் 18க்கு 6 அங்குலத்தில் ஒரு பெட்டி அடித்தேன். மேல்பலகையில் அரை அங்குலத்துக்கு ஒரு துளை. பக்கத்தில் ஹோஸ் செருக ஓட்டை. ஓரங்களுக்கு எம்சீல். சுவிட்சைப் போட்டு மேலே ஒரு பழைய பிளாஸ்டிக் தாளை வைத்ததும் 'பட்'டென்று ஒட்டிக்கொண்டது. எனக்குப் பெருமை. அடுத்த நொடியே மேல்பலகை நடுவில் உள்வாங்கி மடங்கியது.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வீட்டு வாக்குவம் க்ளீனர் காற்றழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், சதுர அங்குலத்துக்கு மூன்று பவுண்டு. 108 சதுர அங்குலத்துக்கு? ஏறக்குறைய மூன்று சிமெண்ட் மூட்டை. மூன்று மூட்டையை ஏற்றி வைத்தால் எந்தப் பலகைதான் தாங்கும். உள்ளே குட்டைக்கால்கள் நட்டேன்.

சூடு இன்னொரு கதை. அடுமனை அடுப்பெல்லாம் எங்கள் வீட்டில் இல்லை. இரண்டு பழைய காயில் அடுப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஹிப்ஸ் என்கிற வெள்ளை பிளாஸ்டிக் ஷீட், ஒரு மில்லிமீட்டர் கனம், மரச் சட்டத்தில் கிளிப் போட்டு மேலே பிடிக்க வேண்டும். முதலில் தாள் நெளியும், ஓரமெல்லாம் சுருங்கும். கெட்டுப்போச்சு என்று எடுத்துவிடத் தோன்றும், எடுக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் தட்டிய தப்பட்டைத் தோல் மாதிரி விறைத்துச் சமமாகும். அதற்குப் பிறகுதான் மெதுவாகத் தொய்ய ஆரம்பிக்கும். ஓர் அங்குலம் தொய்ந்ததும் ஒரே அமுக்காகப் பெட்டியில் வைக்க வேண்டும். இரண்டு நொடி தாமதித்தாலும் தாள் ஆறிவிடும். எனக்கு நடுப்பகுதி தொங்கியபோது இரண்டு முனையும் அப்பளம்போல் விறைப்பாகவே இருந்தது. இதற்கு மட்டும் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. நிக்ரோம் கம்பியை நானே சுற்றினேன், முனைகளில் நெருக்கமாக, நடுவில் தளர்வாக. முப்பது வருஷத் தொழில் அந்த ஒரு காயிலில் உதவியது.

அச்சுக்கட்டைக்கு முதலில் இலவமரம் எடுத்தேன். போடி பக்கம் பஞ்சு தருகிற மரம். மெத்தென்று இருக்கும், சுலபமாகச் செதுக்கலாம் என்று நினைப்பு. உப்புத்தாள் தேய்க்கத் தேய்க்கப் பூனைமுடி மாதிரி நார் எழும்பியது. ஆசாரி அண்ணன் பார்த்துவிட்டு ஒரு மஞ்சக்கடம்புத் துண்டை எடுத்துப் போட்டார். சீப்பு செய்கிற மரம், இழை கண்ணுக்கே தெரியாது. உடலை நெடுக்காகப் பிளந்த மாதிரி இடது பாதி ஒன்று, வலது பாதி ஒன்று. டிங்கரிங் பட்டறையில் வாங்கிய பட்டி பூசி, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தேன்.

முதல் ஓடு மூக்குப் பக்கம் சேலைக் கொசுவம்போல் மடிந்து வந்தது. கட்டையைச் சுற்றித் தாள் போதாமல் இல்லை, மிஞ்சிவிட்டது. மிஞ்சியது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. கட்டையின் அடியில் சற்று உள்ளடங்கிய ஒரு மணை வைத்து உயர்த்தியதும் மடிப்பு மணையோடு நின்றது. இரண்டாவது ஓடு அழகாக வந்தது, ஆனால் கட்டையை விட்டு வரவில்லை. மூன்றாவதும் நான்காவதும் சரியாக வந்தன, பொருத்திப் பார்த்தால் விமானம் குண்டாக இருந்தது. கட்டையை வரைபடத்தின் சரியான அளவில் செதுக்கியிருந்தேன். அதன் மேல் பிளாஸ்டிக்கின் கனமும் சேரும் என்பது உறைக்கவில்லை. பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர், மொத்தம் இரண்டு. 48ஆல் பெருக்கினால் நிஜ விமானம் நாலு அங்குலம் பெருத்திருக்கிறது. தையல்காரர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் முன்பே சொல்லியிருப்பார். கட்டையை மறுபடி ஒரு சுற்று இழைத்தேன்.

கொப்புளக் கண்ணாடிக்கு பெட்ஜி என்கிற தெளிவான பிளாஸ்டிக் ஷீட். அதில் மரக்கட்டையின் ஒவ்வொரு கீறலும் அப்படியே பதிந்து, கண்ணாடி புரை விழுந்த கண்ணாக வந்தது. எத்தனை தேய்த்தாலும் மரம் மரம்தான். ராத்திரி பால் ஆற்றிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த தேக்கரண்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கூம்பி, மறுபக்கம் உருண்டு, எவர்சில்வர் பளபளப்பு. கேட்டலினாவின் கொப்புளம் அப்படியே இருந்தது. காம்பை அறுத்தேன். "ஏங்க, அது ஆறு கரண்டி செட்டுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. இப்போது ஐந்துதான்.

அதே ராத்திரி இன்னொரு கரண்டியை வைத்து ஒன்று பார்த்தேன். குழாயைத் திறந்து, விழுகிற நீரில் கரண்டியின் முதுகைத் தொடவிட்டால், நீர் அதைத் தள்ளாது. தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நீங்களும் செய்து பாருங்கள். தண்ணீரில் ஓடி எழும்ப வேண்டிய விமானத்துக்கு இதுதான் எமன். அடிப்பாகம் வழவழவென்று வால்வரை வளைந்து போனால், வேகம் கூடக் கூடத் தண்ணீர் அதைக் கரண்டியைப்போல் பிடித்துக்கொள்ளும். 1912இல் அமெரிக்காவில் கிளென் கர்டிஸ் தன் பறக்கும் படகை வைத்துக்கொண்டு பட்ட பாடு இதுதான். எஞ்சின் கத்தும், படகு ஏரியை விடாது. அடிப்பாகத்தின் நடுவில் குறுக்காக ஒரு படி வெட்டினார்கள். அந்தக் கூர்மையான விளிம்பில் தண்ணீர் பிய்ந்துபோகும், இடைவெளியில் காற்று நுழையும், பிடி விடும். அன்றிலிருந்து பறக்கும் படகுகளுக்கெல்லாம் வயிற்றில் அந்தப் படி உண்டு. கேட்டலினாவுக்கும் உண்டு.

என் கேட்டலினாவுக்கு இல்லை. இளகிய பிளாஸ்டிக் எந்தக் கூர்மையையும் மழுக்கிவிடும். கட்டையில் நான் கறாராக வெட்டிய படி, ஓட்டில் தேய்ந்த வாசற்படியாக வந்திருந்தது. காற்றை எடுத்து நான் செய்த படகு, காற்றை உள்ளே விட வேண்டிய இடத்தை மூடிவிட்டது. ஷீட்டில் ஒரு நூல் அகலத்துக்குப் பட்டை அறுத்துப் படியின் விளிம்பில் ஒட்டினேன்.

மீதி வேலை சுருக்கம். எஞ்சின் மூடிகளும் இறக்கை முனை மிதவைகளும் அதே பெட்டியில் பிறந்தன. நிஜத்தில் அந்த மிதவைகள் பறக்கும்போது மடிந்து இறக்கையின் நுனியாகவே ஆகிவிடும், என்னுடையது மடியாது. வட்டச் சின்னம் வரையும்போது சிவப்பைத் தொடவில்லை. ஜப்பானின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக் கூடாதென்று இந்தப் பக்கத்து பிரிட்டிஷ் விமானங்களில் நடுச் சிவப்பை எடுத்துவிட்டார்கள், நீலத்துக்குள் வெளிர்நீலம்தான். தேதிகளைப் புரட்டும்போது ஒன்று கண்ணில் பட்டது: உலகிலேயே முதன்முதலாக பிரான்சில் ஹென்றி ஃபாப்ர் தண்ணீரிலிருந்து விமானம் ஏற்றியது 1910 மார்ச் 28, கேட்டலினாவின் முன்மாதிரி முதலில் பறந்தது 1935 மார்ச் 28. யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி மகனைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துப் பம்புசெட் தொட்டிக்குப் போனேன். மூக்கில் தூண்டில் நரம்பு கட்டி, அவனைத் தொட்டி விளிம்பில் ஓடச் சொன்னேன். படிப்பட்டை ஒட்டாத பழைய ஓடும் ஒன்று கையில் இருந்தது, முதலில் அது. இழுக்க இழுக்க வால் தண்ணீருக்குள் உட்கார்ந்தது, மூக்கு வானத்தைப் பார்த்தது, கடைசிவரை அப்படியே உழுதுகொண்டு வந்தது. அடுத்து விமானம். நாலடி வரை அதுவும் உழுதது. பிறகு அடியில் ஏதோ விட்டதுபோல் மேலே வந்து, இரண்டு பக்கமும் மீசையாகத் தண்ணீரைச் சிதறிக்கொண்டு படியின் மேல் வழுக்கி ஓடியது. அதற்குள் சுவர் வந்துவிட்டது. மூக்கில் இன்னும் அந்தக் கீறல் இருக்கிறது.

தொட்டியின் நீளம் 12 அடி. எங்கள் கணக்கில் 576 அடி. ஒரு கேட்டலினா எழும்ப அது எந்த மூலைக்கு. பையன் மூச்சுவாங்கிக்கொண்டே கேட்டான், "மாமா, டேம்ல விட்டா?"

71 அடி நிறையட்டும் மாப்ளே என்றேன்.