பற்சக்கர இறுக்கம் (பழைய லேத்)

லேத் எனப்படும் கடைசல் எந்திரத்தின் பற்சக்கரங்கள் சுழலாமலோ கைப்பிடியின் இழுப்புக்கு இடம்மாறாமலோ நின்றுவிடும் நிலை. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இயங்கும் சேத்தியாத்தோப்பைப் போல வேளாண்மையை நம்பிய ஊர்களில், வடகிழக்குப் பருவமழையின்போது ஓடாமல் கிடக்கும் எந்திரத்தில் இக்கோளாறு தோன்றினால் துருவின் மீதே பழி விழுகிறது. படிக்கப்பி வைத்த பழைய வகைகளில் முதலில் ஐயுற வேண்டியதோ பேக் கியரே. வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டும் இத்துணைத் தொகுதியை இணைக்கையில், கப்பியையும் பெரிய பற்சக்கரத்தையும் பிணைக்கும் முளையை விடுவிக்காவிட்டால், ஒரே தண்டுக்கு இரு வேகங்கள் விதிக்கப்பட்டு முழு அமைப்பும் பூட்டிக்கொள்ளும். பணிப்பொருளைப் பிடிக்கும் ‘சக்’ இறுகிவிட்டால் அதைக் கழற்ற இப்பூட்டையே பிடிமானமாகக் கொள்ளும் வழக்கம், நொறுங்கும் தன்மையுள்ள வார்ப்பிரும்புப் பற்களை உடைத்துவிடக்கூடும்.

முளை சரியாக இருந்தும் அசையாவிடில், மின்னிணைப்பைத் துண்டித்து, பெல்ட்டைத் தளர்த்தி, பல்லிடுக்கில் சிக்கிய இரும்புச் சுருளை அகற்றி, கெட்டிப்பட்ட கிரீஸை மண்ணெண்ணெயால் கரைத்தெடுக்க வேண்டும். ஊட்ட வேகத்தை மாற்றும் ஊட்டப்பெட்டியின் நெம்புகோல் மட்டும் மறுத்தால், பெரும்பாலும் பல்லின் நுனி மற்றொரு பல்லின் நுனியில் முட்டியிருக்கும். சக்கைக் கையால் சிறிது திருப்பினாலே நெம்புகோல் தன் இடத்தில் விழுந்துவிடும். புஷ்ஷோடு ஒட்டிப்போன தண்டுக்கு ஊடுருவும் எண்ணெயிட்டு ஓரிரவு ஊறவிட்டு, பித்தளைத் துண்டை இடைவைத்தே தட்டுவர்.