மெர்சிடிஸ் என்றொரு சிறுமி

1899-ம் வருடம். பிரான்ஸின் கடலோர நகரமான நீஸில் கார் பந்தயம். போட்டியாளர் பட்டியலில் 'மெர்சிடிஸ்' என்று ஒரு பெயர். 'அட, பெண் ஓட்டுகிறாளா?' என்று ஆவலோடு எட்டிப் பார்த்தால் ஏமாந்துதான் போவீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் நாற்பதைத் தாண்டிய, மீசைக்கார ஆசாமி! எமில் ஜெலினெக் என்ற ஆஸ்திரிய வியாபாரி. தன் ஒன்பது வயது மகளின் பெயரைத்தான் புனைபெயராகச் சூட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெயர் அதிர்ஷ்டம் தரும் என்று மனிதருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. வீட்டுக்கும் அதே பெயர்தான். 1900-ல் ஜெர்மனியின் டைம்லர் கம்பெனிக்கு மொத்தமாக 36 கார்களுக்கு ஆர்டர் கொடுத்தார். விலை 5,50,000 தங்க மார்க்! கூடவே நிபந்தனை... வண்டி புதுசாக, வேகமாக இருக்க வேண்டும். எஞ்சினுக்கு என் பெண்ணின் பெயரை வைக்க வேண்டும். இவ்வளவு பெரிய ஆர்டரை யார்தான் விடுவார்கள்?

வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த அந்த 35 குதிரைசக்தி கார், 1901 மார்ச்சில் நீஸ் பந்தயங்களில் மற்ற வண்டிகளைத் திணறடித்தது. அடுத்த வருடமே 'மெர்சிடிஸ்' பதிவு செய்யப்பட்ட வணிகப் பெயர்! 1903-ல் அப்பாவும் தன் பெயரை ஜெலினெக்-மெர்சிடிஸ் என்று மாற்றிக்கொண்டார். பிள்ளைகள்தான் அப்பா பெயரைப் போட்டுக்கொள்வார்கள். இங்கே தலைகீழ்!

இனிமேல்தான் வேடிக்கை. ஜெர்மன் மொழியில் கார்களின் பிராண்ட் பெயர்கள் ஆண்பால். ஆகவே நம் சிறுமி அங்கே 'அவன்' ஆகிவிட்டாள்! எல்லை தாண்டி பிரான்ஸுக்குள் நுழைந்தால் அதே கார் மறுபடி 'அவள்'. நம் தமிழோ, 'எதுக்கு வம்பு' என்று 'அது' போட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

சரி, அந்த நிஜ மெர்சிடிஸ் என்ன ஆனாள்? முதல் உலகப் போரில் குடும்பத்தின் பிரான்ஸ் சொத்துகள் பறிபோயின. அப்பாவும் 1918-ல் கண்மூடினார். இரண்டு திருமணங்கள், வறுமை... 1929-ல் வியன்னாவில் இறந்தபோது அவளுக்கு வயது 39-தான். அவள் பெயர் மட்டும் பளபளவென்று உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

1926-ல் டைம்லரும், கார்ல் பென்ஸ் தொடங்கிய கம்பெனியும் ஒன்றாகி, கார் 'மெர்சிடிஸ்-பென்ஸ்' ஆனது. நாம் என்ன செய்தோம்? 'பென்ஸ் கார்' என்று சுருக்கிவிட்டோம். ஆண் பெயர் தங்கிவிட்டது. பெண் பெயரை வழியிலேயே இறக்கிவிட்டோம்!

அடுத்த முறை சிக்னலில் ஒரு பென்ஸ் பக்கத்தில் வந்து நின்றால், அந்தப் பொண்ணின் பெயரை மனசுக்குள் ஒரு தடவையாவது சொல்லிப் பாருங்களேன்!