வடக்கே போகும் சாலை

சென்னையிலிருந்து மாதவரம், செங்குன்றம், சோழவரம், காரனோடை, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர் ஆகிய ஊர்களைத் தொட்டு, ஆரம்பாக்கத்திற்கு அப்பால் ஆந்திர எல்லைக்குள் நுழையும் நெடுஞ்சாலையை ஜி.என்.டி. சாலை என்றே நாம் அழைத்துப் பழகிவிட்டோம். பெரிய வடக்கு நெடுஞ்சாலை என்பதே அம்மூன்று எழுத்துகளின் பொருள். கல்கத்தா வரை நீளும் அச்சாலையில் திருவள்ளூர் மாவட்டத்தின் பங்கு சிறு துண்டே. ஆயினும் வடக்கே செல்வோர்க்கு அதுவே வாசற்படி.

சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய ஏனுகுல வீராசுவாமி 1830 மே மாதம் காசி யாத்திரை புறப்பட்டார். திருப்பதி, ஐதராபாத் வழியே சென்றவர், கடற்கரை மாவட்டங்களையும் நெல்லூரையும் கடந்து 1831 செப்டம்பரில் சென்னை திரும்பினார். தெலுங்கில் அவர் எழுதிய யாத்திரைக் குறிப்புகள் 1838இல் அச்சேறின. தங்குமிடம் உண்டா, தண்ணீர் நல்லதா, கடைகள் உள்ளனவா என்று ஊர்தோறும் அவர் குறித்துச் செல்கிறார். அக்காலத்தில் வழி என்பது ஒரு நாள் நடைக்குள் கிடைக்கும் சத்திரமும் குளமுமே ஆகும். அவர் பல்லக்கில் சென்றார் என்றால், அதைச் சுமந்தவர்கள் நடந்தார்கள் என்பதையும் நாம் சேர்த்தே படிக்க வேண்டும்.

பின்னர் காலம் வேகம் பிடித்தது. கிழக்கே, 1806இல் தொடங்கிய உப்புநீர்க் கால்வாய் வடக்கே நீண்டு, பக்கிங்ஹாம் பெயரைப் பெற்றுப் படகுகளைச் சுமந்தது. 1899இல் கூடூர் வழியாக இருப்புப்பாதை வந்தது. நெடும்பயணிகள் சாலையை விட்டு ரயில் ஏறினர். லாரிகளின் காலத்தில் சாலை மீண்டும் தலையெடுத்தது. தேசிய நெடுஞ்சாலை 5 என்றிருந்தது 2010இல் 16 ஆயிற்று; தங்க நாற்கரத் திட்டத்தில் அகன்றது; நல்லூரில் சுங்கச்சாவடி எழுந்தது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்தது. அதன் இரும்பாலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தொழிலாளர் வந்தனர்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. ரயிலும் பேருந்தும் நின்றன. வேலையும் கூலியும் இழந்தோர், மே மாத வெயிலில் மூட்டைகளையும் குழந்தைகளையும் சுமந்து இதே சாலையில் வடக்கு நோக்கி நடந்தனர். மாநில எல்லையில் பலர் தடுத்து நிறுத்தப்பட்டனர். செங்குன்றத்திலும் கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலும் சாலையோரத்தில் காத்துக் கிடந்தோர் பலர். ஊரார் சிலர் உணவும் தண்ணீரும் கொண்டு வந்தனர்.

அன்று நாம் ஓர் உண்மையைக் கண்டோம். வண்டிகள் விரைய வசதியாக அமைத்த சாலையில், நடப்பவன் இளைப்பாற நிழலில்லை. இரவு தங்கச் சத்திரமில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் வீராசுவாமி ஊர்தோறும் எழுப்பிய கேள்விகளே மீண்டும் எழுந்தன: தண்ணீர் எங்கே? இன்றிரவு தங்குவது எங்கே?

சாலையின் வரலாற்றை ஆண்ட அரசுகளையும் அகன்ற தடங்களையும் கொண்டு எழுதிவிடலாம். ஆனால் அதன்மேல் நடந்த கால்களையும், நடந்தவனுக்கு ஒரு குவளை நீர் நீட்டிய கையையும் விட்டுவிட்டால், அந்த வரலாறு பாதி வழியிலேயே நின்றுவிடும்.