சைபர் மண்டே
அமெரிக்காவில் நன்றி நவிலல் நாளுக்கு (நவம்பர் நான்காம் வியாழன்) அடுத்து வரும் திங்கட்கிழமை. இணைய வணிகத்தின் பெருவிற்பனை நாள். இப்பெயரை 2005இல் அந்நாட்டின் தேசியச் சில்லறை வணிகக் கூட்டமைப்பின் இணையப் பிரிவு சூட்டியது. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பியோர் அலுவலகத்தின் வேகமான இணைப்பில் பொருள் வாங்கினர் என்பது அன்று சொன்ன காரணம். திறன்பேசி பரவியபின் அந்தக் காரணம் போயிற்று, நாள் நிலைத்துவிட்டது. அடோபி நிறுவனத்தின் கணிப்பில் 2023இல் 1,240 கோடி டாலராக இருந்த ஒருநாள் விற்பனை 2024இல் 1,330 கோடியானது. பணவீக்கத்தைக் கழிக்காத தொகைகள் இவை. நாள்காட்டியும் ஏமாற்றும்: 2023இல் இந்நாள் நவம்பர் 27, 2024இல் டிசம்பர் 2. நவம்பர் கணக்கை மட்டும் ஒப்பிட்டுச் சரிவு என்பது பிழை. தள்ளுபடிகள் அக்டோபரிலேயே தொடங்கிவிடுவதால், ஒருநாள் சாதனையைவிடப் விடுமுறை விற்பனைப் பருவத்தின் மொத்தத் தொகையே நம்பத்தக்க அளவுகோல்.