'கூலி': ஒரு சொல்லின் ஐரோப்பியப் பயணமும் கோலார் தங்கவயலும்

முன்னுரை

மொழிவிட்டு மொழி செல்லும் சொல், ஒலியைப் பெரும்பாலும் காத்துக்கொண்டு பொருளை மட்டும் இழந்துவிடுவதுண்டு. தமிழில் 'கூலி' என்பது உழைப்புக்கு ஈடாகத் தரப்படுவது. ஆங்கிலம், டச்சு, பிரெஞ்சு, செருமன் ஆகிய மொழிகளில் அதே ஒலியுடைய சொல் உழைக்கும் ஆளையே குறிக்கிறது. இப்பொருள் மாற்றத்தையும், அவ்விரு பொருள்களும் எதிரெதிர் நின்ற கோலார் தங்கவயலின் வரலாற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழ் வழக்கு

திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் (குறள் 619) முயற்சியின் பயனைச் சுட்ட இச்சொல் ஆளப்பட்டுள்ளது. திருவிளையாடற் புராணத்தில் வந்திக்காக மண் சுமக்கும் இறைவனுக்குப் பிட்டே கூலியாகிறது. ஆளைக் குறிக்குமிடத்துக் கூலியாள், கூலிக்காரர் எனப் பிறிதோர் உறுப்பைச் சேர்த்தே வழங்குவது தமிழ் மரபு. நாட்கூலி, ஏற்றுகூலி, பொற்கொல்லரின் செய்கூலி ஆகிய தொடர்களிலும் கொடுக்கப்பட வேண்டிய ஈடு என்னும் பொருளே நிலைபெற்றுள்ளது. கன்னடம், மலையாளம், தெலுங்கு, துளு ஆகியவற்றிலும் இச்சொல் உண்மையால் இதனைத் திராவிடப் பொதுச்சொல் எனக் கொள்ளலாம்.

ஐரோப்பிய மொழிகளில் பொருளும் வேரும்

ஐரோப்பியச் சொல்லின் வேர் குறித்து அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. யூல், பர்னல் ஆகியோர் 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, குசராத்துப் பகுதியின் 'கோலி' என்னும் மக்கட்பெயரிலிருந்து இது தோன்றியிருக்கக்கூடும் என்கிறது. தமிழ், கன்னடக் 'கூலி'யையும், அடிமை எனப் பொருள்படும் துருக்கிச் சொல்லையும் உடன் சுட்டுகிறது. மேற்குக் கரையில் போர்த்துக்கீசியர் கேட்ட இனப்பெயரும், தென்னாட்டில் கேட்ட ஊதியப்பெயரும் ஒலியொப்புமையால் ஒன்றெனக் கலந்தன எனக் கொள்வது பொருத்தமாகலாம்.

வேர் எதுவாயினும், பொருளை இறுக்கியது குடியேற்ற ஆட்சியின் உழைப்புச் சந்தையே ஆகும். 1834இல் மொரீசியசுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் செல்லத் தொடங்கிய பின் இச்சொல் கடல்கடந்த ஆள்வணிகத்தின் பெயராயிற்று. அவர்கள் கரையிறங்கிய துறை 'கூலி காட்' எனப்பட்டது. பின்னர் 'ஆப்ரவாசி காட்' எனப் பெயர் மாறி, 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. டச்சு மொழியில் 'குலி' சட்டச்சொல்லாகவே ஆயிற்று. கிழக்குச் சுமத்திராவுக்கென 1880இல் பிறந்த 'குலி ஆணை', ஒப்பந்தத்தை மீறும் தொழிலாளிக்குத் தண்டனை விதிக்க வழிசெய்தது. தென்னாப்பிரிக்காவில் இச்சொல் இந்தியர் அனைவர்மீதும் எறியப்பட்ட வசையாகியது; காந்தியடிகள் அங்குக் 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டதைத் தம் தன்வரலாற்றில் குறித்துள்ளார். செருமனில் 'குலி' சுமையாளையும் பந்துமுனைப் பேனாவையும் குறிக்கிறது. பின்னது பேனாவுக்குரிய நெடிய பெயரின் குறுக்கம் எனப்படினும், அதற்கு முன்னரே 'டின்டென்குலி' என்னும் மைப்பேனா 1928இல் ஆம்பர்க்கில் விற்கப்பட்டது. மைச் சுமக்கும் கூலி என்பதே அப்பெயரின் பொருள். ஆள் கருவியாக எண்ணப்பட்டதன் எல்லை இதுவெனலாம்.

தங்கவயலில் இரு பொருள்கள்

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலாரில் சுரங்கப் பணியை மேற்கொண்டபின், வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர், பெருந்தொகையாகக் குடியேறினர். அவர்களது தட்டிக் குடிசை வரிசைகளை ஆங்கிலப் பதிவுகள் 'கூலி லைன்' என்றன. தொழிலாளர் பேச்சில் கூலி என்பது கைக்கு வந்து சேரவேண்டிய தொகை; நிருவாக ஏட்டிலோ அது எண்ணப்படும் தலை. ஒரே சொல்லை இருசாராரும் ஆண்டனர். ஆயின் ஒருவர் கூறியது மற்றவருக்கு வேறாகவே பொருள்பட்டது.

1930இல் தொழிலாளரைக் கைரேகையுடன் பதிவுசெய்யும் முறை கொண்டுவரப்பட்டபோது எழுந்த வேலைநிறுத்தம் இம்முரணின் வெளிப்பாடாகக் காணத்தக்கது. அங்கு வினாவாக நின்றது ஊதியத்தின் அளவு மட்டுமன்று. மனிதன் அடையாளப்படுத்தப்படும் முறையும் ஆகும். அயோத்திதாசர் வழிவந்த பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியதும், அவர் நடத்திய 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப்பின் 1920களில் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்ததும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கன. பிறர் இட்ட பெயரை ஏற்காது தம்மைத் தாமே பெயரிட்டுக்கொண்ட முயற்சிகள் அவை.

மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சென்ற இச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அதன்பின் நிலுவைத் தொகைக்கும் குடியிருப்பு உரிமைக்கும் தொழிலாளர் நெடுங்காலம் போராட நேர்ந்தது. 'கூலி'யின் மூலப்பொருளே, கொடுக்கப்படவேண்டிய ஈடே, அவர்தம் கோரிக்கையாக எஞ்சியது.

முடிவுரை

2016இல் இந்திய இரயில்வே சுமைதூக்குவோரைக் 'கூலி' எனக் குறிப்பதைக் கைவிட்டு, 'சகாயக்' எனப் பெயரிட அறிவித்தது. நீக்கப்பட்டது ஐரோப்பியர் தந்த பொருளேயன்றித் தமிழ்ப்பொருள் அன்று. தங்க நகைக்கடைச் சீட்டில் இன்றும் செய்கூலி தனி வரியாக எழுதப்படுகிறது. அப்பொன்னை அகழ்ந்தவன் கூலிக்கு அச்சீட்டில் வரியில்லை. உழைப்பாளிக்குத் தரவேண்டியதன் பெயர் உழைப்பாளியின் பெயராக மாறியபோது, கடனைச் சுட்டும் சொல்லும் உடன் மறைந்தது என்பதே இவ்வரலாறு உணர்த்துவதாகும்.