வெலிங்டன் தீவும் இரும்புக் குழாயும்

மட்டாஞ்சேரிக்கும் எறணாகுளத்துக்கும் இடையே, கொச்சிக் காயலின் நடுவில் கிடக்கும் வெலிங்டன் தீவைப் பிழைப்பின் பொருட்டுக் கேரளம் வந்த தமிழர் பலர் நன்கறிவர். கப்பல் மேடைகளும், கிடங்குகளும், கடற்படைத் தளமும், ரயில் பாதையும் கொண்ட அத்தீவு இயற்கையின் படைப்பன்று. வெண்டுருத்தி என்னும் சிறு தீவை ஒட்டி, காயலின் அடியிலிருந்து எடுத்த மண்ணைக் கொட்டி மனிதன் ஆக்கிய நிலம் அது. அம்மண் கூடையிலும் வண்டியிலும் வந்ததன்று. சேற்று நீராகக் கலக்கப்பட்டு, எஃகுக் குழாயின் வழியே ஓடி வந்தது. நிலமே குழாயின் வழியாக வந்து சேர்ந்த ஓர் ஊரில், குழாயின் கதையை ஆராய்வது பொருத்தமேயாகும்.

குழாய் என்றால் நீண்ட இரும்புத் தண்டையே நாம் நினைக்கிறோம். ஆனால் எந்தத் தொழிற்சாலையும் ஒரு மைல் நீளக் குழாயை ஒரே துண்டாகச் செய்து தருவதில்லை. துண்டுகளைச் சேர்த்தே தொடர் அமைகிறது. கசிவதும், தளர்வதும், வெடிப்பதும் பெரும்பாலும் அச்சேர்க்கையிலேதான். ஆதலின் குழாயின் வரலாறு என்பது மெய்யாகவே இணைப்பின் வரலாறாகும். இதை மூன்று நிலைகளில் காண்போம்: முதலில் மண், அடுத்து நீர், அதற்கடுத்து எண்ணெய்.

1920ஆம் ஆண்டு ராபர்ட் பிரிஸ்டோ என்னும் ஆங்கிலப் பொறியாளர் கொச்சிக்கு வந்தார். அக்காலத்தில் துறைமுக வாயிலின் குறுக்கே ஒரு மணல்திட்டு கிடந்தது. பெரிய கப்பல்கள் உள்ளே வர இயலாமல் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. சரக்குகள் தோணிகளில் போய் வந்தன. பருவமழைக் காலத்தில் அதுவும் அரிதாயிற்று. அத்திட்டை வெட்டி வழி திறப்பதும், வெட்டிய மண்ணைக் கொண்டே உள்ளே ஒரு தீவை எழுப்புவதும் அவருடைய திட்டம். இதற்காக வந்த தூர்வாரும் கப்பலுக்கு, 1919 முதல் 1924 வரை சென்னை மாகாணக் கவர்னராய் இருந்த வெலிங்டன் பிரபுவின் பெயரே இடப்பட்டது. 1928ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் ‘பத்மா’ என்னும் கப்பல் புதிய வழியால் உள்துறைமுகத்தில் நுழைந்தது. 1936இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

தூர்வாரும் முறை கவனிக்கத்தக்கது. கப்பலின் முன்புறம் சுழலும் வெட்டுத்தலை கடலடி மண்ணைக் கிளறுகிறது. வலிய பம்பு ஒன்று மண்ணையும் நீரையும் சேர்த்து உறிஞ்சி, கப்பலின் பின்புறமுள்ள குழாய்த் தொடரில் தள்ளுகிறது. அத்தொடர் மிதவைகளின் மேல் கிடந்து கரை வரை நீள்கிறது. அலை எழும்போது மிதவைகள் எழும். கப்பல் அசையும்போது தொடர் வளையும். குழாய்களை அசையாதபடி இறுக்கிப் பிணைத்துவிட்டால் முதல் அலையிலேயே தொடர் முறிந்துவிடும். ஆகவே இத்தகைய தொடர்களில், கிண்ணத்துக்குள் பந்து திரும்புவது போன்ற இணைப்புகளையோ, தடித்த ரப்பர் உறைகளையோ இடையிடையே வைப்பது வழக்கம். இவை கசியாமலும் காக்கின்றன, வளையவும் விடுகின்றன. இணைப்பு என்பது இறுக்கம் மட்டுமன்று, வேண்டிய இடத்தில் இடங்கொடுப்பதும் ஆகும் என்பது இதனால் நமக்கு விளங்குகிறது.

நிலம் வந்துவிட்டது, குடிநீர் எங்கே? கடலும் காயலும் சூழ்ந்த இப்பகுதியில் கிணற்று நீர் உவர்ப்பானது. கொச்சிக் கோட்டையிலும் மட்டாஞ்சேரியிலும் யானைக்கால் நோய் மிகுந்திருந்தது. ‘கொச்சிக் கால்’ என்றே வெளிநாட்டார் அதற்குப் பெயரிட்டனர். கொசுவே அந்நோயைப் பரப்புகிறது என்று பின்னாளில் மருத்துவம் தெளிந்ததாயினும், அந்நாளில் மக்கள் பழியைத் தண்ணீரின் மேலேயே போட்டனர். வசதியுள்ளோர் ஆலுவாய்ப் பகுதியிலிருந்து பெரியாற்று நீரை வள்ளங்களில் வரவழைத்துப் பருகினர்; அல்லாதோர் கிடைத்ததைக் குடித்தனர். 1914ஆம் ஆண்டு பெரியாற்றங்கரைச் சொவ்வரையில் நீரேற்று நிலையம் தொடங்கப்பெற்று, எறணாகுளத்துக்குக் குழாய் நீர் வந்தது. பின்னாளில் குழாய்கள் காயலைக் கடந்து தீவுக்கும் மட்டாஞ்சேரிக்கும் நீர் கொணர்ந்தன. வள்ளம் செய்த வேலையை வார்ப்பிரும்பு ஏற்றது.

வார்ப்பிரும்புக் குழாய் மிகப் பழையது. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு மன்னன் பதினான்காம் லூயியின் வெர்சாய் அரண்மனை நீரூற்றுகளுக்காகப் பதிக்கப்பட்ட குழாய்களில் சில முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தன. அவற்றின் முனைகளில் தட்டுகள் இருந்தன. இரு தட்டுகளைச் சேர்த்துத் திருகாணிகளால் முடுக்கினர். இத்தட்டுக்குத் தொழிற்பட்டறையில் ‘பிளேஞ்ச்’ என்று பெயர். அது மண்ணுக்கடியில் வளைந்து கொடுப்பதில்லை. தரை சற்றே இறங்கினாலும் தட்டு வெடிக்கும். 1785இல் லண்டன் செல்சி குடிநீர்க் கம்பெனியின் பொறியாளர் தாமஸ் சிம்சன் வேறு வழி கண்டார். ஒரு குழாயின் வாயை மணிபோல அகலமாக வார்த்து, அடுத்த குழாயின் முனையை அதற்குள் செருகினார். இதுவே ‘சாக்கெட்’ இணைப்பு.

இவ்விணைப்பை மூடும் முறை நம் நாட்டிலும் நெடுங்காலம் நடந்தது. முதலில் இரு குழாய்களுக்கும் இடையிலுள்ள சந்தில் சணல் புரியைத் திணித்து, உளியால் அடித்து இறுக்குவர். பிறகு வாயைச் சுற்றிக் களிமண் அணை கட்டி, உருக்கிய ஈயத்தை ஒரே ஊற்றாக ஊற்றுவர். ஈயம் உறையும்போது சுருங்கும்; ஆகையால் ஆறியபின் மீண்டும் உளியும் சுத்தியும் கொண்டு சுற்றிலும் அடித்துச் சந்தை நிரப்புவர். இந்த இரண்டாம் அடியைச் சோம்பி விட்டவனின் இணைப்பு கட்டாயம் ஒழுகும்.

கொச்சி போன்ற ஊரில் இதற்கு மற்றொரு துன்பமும் உண்டு. இரண்டடி தோண்டினாலே பள்ளத்தில் நீர் ஊறும். உருகிய ஈயம் ஈரத்தைத் தொட்டால், நீர் நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் தெறிக்கச் செய்யும். கண்ணிழந்த தொழிலாளரும் உண்டு. ஆதலின் ஈரப் பள்ளங்களில் ஈய இழைகளைக் கயிறுபோல் சுற்றி, சூடின்றியே அடித்து இறுக்கும் முறை ஏற்பட்டது. 1950களில் ரப்பர் வளையத்தை வாயில் பொருத்தி, குழாயைத் தள்ளி நுழைக்கும் இணைப்பு வந்தபின் நெருப்பும் ஈயமும் படிப்படியாக விடைபெற்றன. 1948இல் அறிவிக்கப்பட்ட வளையும் தன்மையுள்ள வார்ப்பிரும்பும் சேர்ந்து கொண்டது. சுத்தியால் அடித்தால் நொறுங்கும் பழைய இரும்பு போய், அடி தாங்கும் இரும்பு வந்தது.

உவர் மண்ணில் பழைய வார்ப்பிரும்புக்கு நேரும் கேடு விந்தையானது. உப்பு நீர் இரும்பை மட்டும் கரைத்துக் கொண்டு போய், அதிலிருந்த கரியை அப்படியே விட்டுவிடும். குழாயின் உருவம் மாறாது. தடிமனும் குறைந்ததாகத் தோன்றாது. ஆனால் பேனாக்கத்தியால் சீவினால் பென்சில் கரிபோல உதிரும். பல்லாண்டுகள் நிற்கும் இத்தகைய குழாய், பக்கத்தில் ஒருவன் பள்ளம் தோண்டி மண்ணின் ஆதரவை அகற்றும் நாளில் முறிகிறது. பழியோ தோண்டியவன் மேல் விழுகிறது!

பெருவழிக் குழாயிலிருந்து நீர் வீட்டுக்குள் வருவதற்குச் சிறு குழாய் வேண்டும். அதன் வரலாறு விளக்கு வெளிச்சத்திலிருந்து தொடங்குகிறது. 1792இல் வில்லியம் மர்டாக் நிலக்கரி வாயுவைக் கொண்டு தம் வீட்டில் விளக்கேற்றினார். வாயு விளக்கு பரவிய முதற்காலத்தில் பழைய துப்பாக்கிக் குழல்களை ஒன்றோடொன்று சேர்த்து வாயுக் குழாயாக்கினர் என்பர். 1825இல் கார்னீலியஸ் ஒயிட்ஹவுஸ் என்பவர், பழுக்கக் காய்ந்த தேனிரும்புப் பட்டையை ஓர் அச்சின் வழியே இழுத்து, அதன் இரு விளிம்புகளும் தாமே ஒட்டிக் குழாயாகும்படி செய்தார். 1885இல் ஜெர்மானியச் சகோதரர்களான மானெஸ்மன்கள் ஒட்டே இல்லாத எஃகுக் குழாயை உருட்டி எடுத்தனர்.

சிறு குழாய்க்கு உற்ற இணைப்பு மரை. 1841இல் ஜோசப் விட்வொர்த் மரையின் கோணத்தையும் இடைவெளியையும் வரையறுக்குமுன், ஒரு பட்டறையின் குழாய் மற்றொரு பட்டறையின் சாக்கெட்டில் ஏறாது. அவர் வகுத்த 55 பாகைக் கோணமே இன்றும் நம் வீட்டுக் குழாய்களில் இருக்கிறது. குழாய் முனையில் மரையைச் சற்றே கூம்பலாக, 16க்கு 1 என்னும் சரிவில் வெட்டுவர். திருகத் திருக அது ஆப்பு போல இறுகும். மரையின் பள்ளத்தில் சணலும் வண்ணப் பசையும் பூசினால் எஞ்சிய சந்தும் அடைபடும்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, இத்துறையின் சொற்கள் ஒரு பாடமாக அமைந்தன. அகராதியைப் புரட்டிப் புதுச்சொல் புனைய முற்படுமுன், பட்டறையில் காது கொடுத்தால் போதும். மரை, சணல், பற்றவைப்பு என்பவை நம்முடையவை. வளைவுக்கு ‘எல்போ’, மூன்று வழிக்கு ‘டீ’, அளவு குறைக்க ‘ரெட்யூசர்’, சிறு துண்டுக்கு ‘நிப்பிள்’ என்பவை ஆங்கிலத்திலிருந்து வந்து குடியேறியவை. ‘யூனியன்’ என்பது மிகப் பயனுள்ள உறுப்பு. இரு முனையும் பூட்டிய தொடரின் நடுவில் ஒரு குழாயை மட்டும் கழற்ற முடியாது. ஒரு மரை தளரும்போது மற்றது இறுகும். யூனியன் ஒன்றை வைத்திருந்தால் தொடரைக் கலைக்காமல் அவ்விடத்திலேயே பிரிக்கலாம். பம்புக்கும் மீட்டருக்கும் அருகே யூனியன் வைக்காத பிட்டரைப் பின்னால் வந்த பிட்டர் வாழ்த்துவதில்லை.

‘அரை அங்குலக் குழாய்’ என்பதும் வரலாறு விட்டுச் சென்ற பெயரே. அதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர். பழைய நாளில் உட்துளையைக் கொண்டு பெயரிட்டனர். பெயர் நிலைத்தது, துளை தடிமனுக்கேற்ப மாறியது. வாங்குவோர் ஏமாறாமலிருக்க, 1958இல் வெளிவந்த இந்தியத் தர நிர்ணயம் 1239இன்படி மெல்லிய குழாய்க்கு மஞ்சள், நடுத்தரத்துக்கு நீலம், தடித்ததற்குச் சிவப்பு என வண்ணப் பட்டைகள் இடப்படுகின்றன. வெளிவிட்டம் ஏறக்குறைய ஒன்றே, தடிமனிலேதான் வேறுபாடு. உவர்க்காற்று வீசும் கடற்கரையில் மஞ்சள் பட்டைக் குழாயை மரை வெட்டிப் பதித்தால், மரையின் அடியில் எஞ்சும் இரும்பு மிகச் சிறிதே. துரு முதலில் அங்கேதான் துளையிடும். மேற்பூச்சான துத்தநாகமும் மரை வெட்டிய இடத்தில் போய்விடுகிறதல்லவா?

நீருக்கு அடுத்தது எண்ணெய். 1966இல் அம்பலமுகளில் கொச்சி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை திறக்கப்பட்டது. கப்பலில் வரும் கச்சா எண்ணெய் துறைமுகத்திலிருந்து குழாயில் ஆலைக்குச் செல்லலாயிற்று. 2002 முதல் பெட்ரோலும் டீசலும் கொச்சியிலிருந்து கோயம்புத்தூர் வழியாகக் கரூர் வரை 292 கிலோமீட்டர் குழாயில் ஓடுகின்றன. கரூரில் பேருந்தேறும் நம் உறவினரின் பயணத்துக்கும் இக்காயலுக்கும் மண்ணுக்கடியில் இப்படி ஓர் உறவு உண்டு.

எண்ணெய்க்குச் சணலும் மரையும் போதா. இங்கே குழாய்கள் பற்றவைக்கப்படுகின்றன. விளிம்புகளைச் சரிவாகச் சீவி, சிறு இடைவெளி விட்டு, முதற்பூச்சு அடி வரை உருகி இறங்கும்படி வைத்து, மேலே பூச்சு மேல் பூச்சாக நிரப்புவர். முதற்பூச்சு பிழைத்தால் மேற்பூச்சு எவ்வளவு அழகாயினும் பயனில்லை. ஆகையால் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்கின்றனர். பற்றவைப்புக் குச்சியின் மேற்பூச்சு ஈரம் உறிஞ்சினால் இணைப்பின் உள்ளே வெடிப்பு தோன்றும். மழை ஓயாத கேரளத்தில் குச்சிகளைச் சூட்டடுப்பில் வைத்துக் காப்பது கட்டாயமாகிறது. இக்கலையில் தமிழ்நாட்டின் பங்கு சிறிதன்று. திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை 1965இல் தொடங்கிற்று. 1975இல் அங்கேயே பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. அப்பகுதியில் தொழில் கற்றோர் பலர் இன்று பல துறைமுகங்களிலும் ஆலைகளிலும் பணி புரிகின்றனர். இதைப் படிப்போரிலும் அவர்கள் இருக்கக்கூடும்.

இணைப்பு எவ்வகையாயினும் முடிவில் ஒரு சோதனை உண்டு. காற்றை முழுதும் வெளியேற்றி, நீரை நிரப்பி, வழக்கமான அழுத்தத்தினும் கூடுதலாக, பெரும்பாலும் ஒன்றரை மடங்காக, ஏற்றி நிறுத்துவர். அழுத்தம் இறங்காமல் நின்றாலன்றிப் பள்ளத்தை மூடலாகாது. காற்றைக் கொண்டு சோதிப்பதற்கு அனுபவசாலிகள் அஞ்சுவர். நீர் கசிந்தால் நனைப்பதோடு சரி. அடைபட்ட காற்றோ வெடித்தால் உயிரைக் கொள்ளும்.

ஏன் இத்தனை கவலை? கசிவினால் நீர் வீணாகும் என்பது மட்டுமா? அதனினும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. குழாயில் அழுத்தம் உள்ளவரை கசிவு வெளியே போகும். நீர் நிறுத்தப்படும் நேரத்தில் அழுத்தம் வீழ்ந்தால், அதே துளை வழியே வெளியிலுள்ள உவர்நீரும் கழிவுநீரும் உள்ளே புகும். நீர் மட்டம் உயர்ந்த கொச்சியிலும், அதுபோன்ற எந்தக் கடற்கரை ஊரிலும், குழாய் நனைந்த மண்ணிலேதான் கிடக்கிறது. இந்நிலையில் வீட்டு மோட்டாரை நேரே தெருக்குழாயில் பூட்டி இழுப்போர், தமக்கு இரண்டு குடம் கூடுதலாகக் கிடைத்தது என்று மகிழ்கின்றனர். உண்மையில் தெரு முழுவதன் தளர்ந்த இணைப்புகளிலிருந்தும் அழுக்கை உறிஞ்சித் தமக்கும் அயலாருக்கும் பங்கிடுகின்றனர். தரைத்தொட்டியில் நீரைத் தானாக விழச்செய்து, அங்கிருந்து மோட்டாரால் ஏற்றுவதே முறை.

பொறியாளரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது; தீவுக்குப் பிரபுவின் பெயர் நிற்கிறது. ஈயத்தை இரண்டாம் முறை அடித்தவனின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. ஆயினும் பெரியாற்று நீர் உவர்ப்பின்றிக் காயலைக் கடந்து ஒரு குழந்தையின் குவளையில் விழும்போதெல்லாம் அவன் செய்த வேலை நின்று பயன் தருகிறது. நம் வீட்டுக்குக் குழாய் பொருத்த வரும் பிட்டரை, ‘சீக்கிரம் முடி’ என்று விரட்டாமல், சோதனை முடியும்வரை பொறுத்திருப்போமாக. அந்த அரைமணி நேரப் பொறுமை பல்லாண்டுக்குப் பயன்படும்.